நாற்காலி அங்கேயே இருக்கட்டும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் நலம். உன் இருமல் நின்றதா? வெந்நீர் குடி என்றால் சரி சரி என்பாய், குடிக்கமாட்டாய். எனக்குத் தெரியாதா உன்னை?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. வீட்டில் இருப்பது ஒரே போன். அதில் நான் எதை அனுப்பினாலும் உன் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி விடாமல் படித்துவிடுகிறார். கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். அதனால் பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில், ஒருவர் உள்ளே போய் வாயைத் திறந்து மூடுவதற்குள் நாலு வரி, அடுத்தவர் போனதும் நாலு வரி என்று எழுதுகிறேன். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, நான் மும்முரமாக வேலை பார்ப்பதாக நினைத்துச் சந்தோஷமாகப் போகிறார்.

நெட் போய்விட்டது என்று அன்றைக்கே உனக்குச் சொன்னேன். அதற்கப்புறம் நடந்த கூத்தைச் சொல்லவில்லை. சுவரோரப் பெட்டியில் பச்சையாக எரியும் விளக்கு ஒருநாள் காலையில் சிவப்பாகிவிட்டது. கம்பெனிக்குப் போன் செய்தால் முதலில் பாட்டு, அப்புறம் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு, மறுபடியும் பாட்டு. ஒருவழியாக ஒரு பெண் வந்து, பெட்டியை அணைத்துவிட்டுப் போடுங்கள் என்றாள். போட்டோம். சிவப்புதான். கொஞ்சம் லைனில் இருங்கள் மேடம் என்று போனவள் போனவள்தான். நானும் இதே மேஜையில் உட்கார்ந்து பல்வலிக்காரர்களிடம் நாள் முழுக்க அதையேதான் சொல்கிறேன் என்பதால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை.

அன்று சாயங்காலமே மெசேஜ் வந்தது. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று. மறுநாள் மறுபடியும் புகார் கொடுத்தோம், மறுபடியும் தீர்ந்துவிட்டது என்றார்கள். ஆள் வருவார் என்றார்களே என்று லீவு போட்டு உட்கார்ந்திருந்தேன். வந்து பார்த்தோம், வீடு பூட்டியிருந்தது என்று மெசேஜ் வருகிறது. வாசற்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த நான் என்ன பேயா பிசாசா? போன் சிக்னலிலாவது உன்னைப் பார்க்கலாம் என்று முயற்சி செய்தால், நீ அரைக் கண்ணை மூடி, வாயைக் கோணிக்கொண்டு அப்படியே உறைந்து நின்றாய். பெற்றவளுக்கே பயமாக இருந்தது.

நான் பேசாமல் விட்டிருப்பேன். உன் அப்பாதான் விடவில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம். நெட் இருந்தால் என்ன, போனால் என்ன அவருக்கு? நாம் லேப்டாப்பில் பேசும் நேரத்தில் அவர் பாட்டுக்கு ஒரு மூலையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவார், அவ்வளவுதானே. டிரைவிங் ஸ்கூலை விட்டுவிட்டு வெளியூர் போவதானால் போ, இனி என்னோடு பேசாதே என்று அவர் சொன்னார். சரி, பேசவில்லை என்று நீ சொன்னாய். அன்றிலிருந்து அப்பாவும் மகளும் போட்டி போட்டுக்கொண்டு வாக்கைக் காப்பாற்றுகிறீர்கள். நடுவில் நான்தான் இரண்டு பக்கமும் மண்டையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்படிப்பட்டவர் தினமும் கம்பெனியோடு மல்லுக்கு நின்றார். டிரைவிங் சொல்லிக்கொடுக்கிற தொண்டை, கேட்கவேண்டுமா? நியூட்ரலில் போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி எப்படியம்மா நகரும் என்று அந்தப் பெண்ணிடம் கத்தினார். நட்சத்திரம் கேட்டதற்கு, ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவனுக்கு லைசென்ஸ் கொடுக்கமாட்டேன் என்று பதில் அனுப்பினார். வண்டியில் ஆள் ஓட்டிப் பழகும்போதும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஒரு பேங்க் அம்மாள், அவர் எப்போது நிறுத்தச் சொல்வார் என்று பார்த்துப் பார்த்து, கம்பெனிக்காரன் பாட்டோடு மைதானத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தாளாம். நேற்று பல் சுத்தம் செய்ய வந்தபோது சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கடைசியில் போன வாரம் நேரே கம்பெனி ஆபீசுக்கே கிளம்பிவிட்டார். நானும் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, டோக்கன், எல்லாம் பிரமாதம். கவுன்டரில் இருந்த பெண், இங்கே புது இணைப்பு மட்டும்தான் சார், புகாரென்றால் போனில்தான் சொல்லவேண்டும் என்றாள். உடனே இவர் அங்கேயே நின்று, அவள் முகத்துக்கு நேராக அந்த நம்பருக்குப் போன் போட்டார். அதே பாட்டு. எனக்கு மானம் போயிற்று. நீ வண்டியில் போய் உட்கார் என்றார். போய்விட்டேன். அவர் மூக்குக் கண்ணாடி என் பையிலேயே இருந்ததைப் பார்த்துவிட்டு, கொடுக்கலாம் என்று திரும்பி வந்தேன். நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது.

அந்தப் பெண் பொறுமையாகத்தான் கேட்டாள், வீட்டிலிருந்து வேலை பார்க்கிறீர்களா, எதற்கு இவ்வளவு அவசரம் என்று. உன் அப்பா போனைக் காதிலிருந்து எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டு வாரமா என் பொண்ணு முகத்தப் பாக்கலம்மா."

கண்ணாடியைக் கொடுக்காமலே நான் வண்டிக்குத் திரும்பிவிட்டேன். வீடு வரும்வரை எனக்கு ஒரே குழப்பம். ரெண்டு வாரமாகப் பார்க்கவில்லை என்றால், அதற்கு முன்னால் இவர் உன்னை எப்போது பார்த்தார்? பேப்பரைத் தவிர வேறு பக்கம் திரும்பினதே இல்லையே.

அந்தப் பெண் நல்லவள். தானே யாரிடமோ பேசியிருக்கிறாள், மறுநாள் லைன்மேன் வந்தார். நடுத்தர வயசு, அதிகம் பேசாத மனிதர். பெட்டியைப் பார்த்தார், சுவரோரமாக வயரைத் தடவிக்கொண்டே போனார், அலமாரிப் பக்கம் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நம் இரும்பு நாற்காலியின் கால் வயரின் மேல் நன்றாக ஏறி உட்கார்ந்திருந்தது. வயர் நசுங்கி உள்ளே ஒடிந்துவிட்டதாம். டிரைவிங் ஸ்கூலில் தன் பக்கத்தில் நீ உட்காரவேண்டும் என்று ஆசையாக வாங்கிப் போட்டாரே, அதே நாற்காலிதான். நீ ஊரை விட்டுக் கிளம்பிய வாரமே அதை வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டார்.

முதல் நாளே ஒரு ஆள் எட்டிப் பார்த்திருந்தால் அன்றே முடிந்திருக்கும் வேலை. அதற்கு இத்தனை பாட்டு, இத்தனை நட்சத்திரம்! லைன்மேன், இதை ஏன் சார் இங்கே போட்டீர்கள் என்று கேட்டார். காற்று வரும் என்று போட்டேன் என்றார் உன் அப்பா. அந்த மூலையில் ஜன்னலே கிடையாது. அதைச் சொல்லிவிட்டு, வண்டியைத் துடைக்கிறேன் என்று வெளியே போய்விட்டார்.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். ஜன்னலோரம் இருந்த நாற்காலி அலமாரிவரை நகர்ந்து வந்த கீறல்கள். ஒரே நாளில் இழுத்ததல்ல, கொஞ்சம் கொஞ்சமாக. நான் அதில் உட்கார்ந்து பார்த்தேன். மேஜைமேல் லேப்டாப் இருக்கும் இடம் அப்படியே தெரிகிறது. உன் முகம் முழுசாகத் தெரியும். ஆனால் அது மேஜைக்கு இடது பக்கம் ஒதுங்கிய மூலை, அங்கே உட்கார்ந்திருப்பவர் கேமராவில் உனக்குத் தெரியமாட்டார். பேப்பருக்குப் பின்னால் இந்த மனிதர் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தது உன்னைத்தான். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. லைன்மேன் பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

புது வயர் போட்டுவிட்டு, நாற்காலியைப் பழைய இடத்திலேயே போட்டுவிடுங்கள் அம்மா என்றார். வேண்டாம், வயரைச் சுவரில் மேலே தூக்கி அடித்துவிடுங்கள், நாற்காலி அங்கேயே இருக்கட்டும் என்றேன். உன் அப்பா உள்ளே வந்தபோது விளக்கு பச்சையாக எரிந்தது. நாற்காலியைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டீ இருக்கா என்று கேட்டார். கொடுத்தேன்.

இப்போது எனக்கு மனசு நிறைவாக இருக்கிறது. இந்தக் கடிதம் வருவதற்குள் நாம் நாலைந்து முறை பேசியிருப்போம். பேப்பர் திருப்புகிற சத்தம் உனக்கும் கேட்டிருக்கும். நான் எதையும் காட்டிக்கொள்ளமாட்டேன். படித்ததை நீயும் காட்டிக்கொள்ளாதே, அவர் ரோஷக்காரர், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கே போய்விடுவார். யார் முதலில் பேசுவது என்று நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருங்கள், எனக்கு அதில் வேலையில்லை.

நன்றாக இரு கண்ணு. நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வராது. அம்மாவுக்காக ஒன்றே ஒன்று செய். அடுத்த முறை பேசும்போது, பேச்சோடு பேச்சாக, "அம்மா, ஸ்கிரீனக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பு" என்று மட்டும் சொல். நான் திருப்பிவிடுகிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா