ஆரஞ்சு ஹெல்மெட்டும் சனிக்கிழமை பத்து மணியும்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். இங்கே அப்பா நலம். நானும் நலம், ஆனால் நான் சொன்னால் நீ நம்பமாட்டாய் என்பதால் இந்தத் தடவை டாக்டரிடமே எழுதி வாங்கியிருக்கிறேன், நகல் ஒன்றை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்து அவசரக் கூரியரில் அனுப்புகிறேன், எடுத்துப் படித்துப் பார். காது சரி, கண்ணாடி போட்டால் கண் சரி, இரத்த அழுத்தம் சரி, தலைசுற்றல் கிடையாது. அந்தக் கடைசி வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டது டாக்டர் இல்லை, நான். ஏன் போட்டேன் என்று உனக்கே தெரியும்.

பாராசூட் பள்ளிக்கு நீ எழுதிய மெயிலை நான் படித்துவிட்டேன். எனக்குப் பல வருடமாகத் தலைசுற்றல் இருக்கிறதாம், அதை அவர்களிடம் மறைத்துவிட்டேனாம், இனி என்னை விமானத்தில் ஏற்றக் கூடாதாம். எங்களுக்குக் குதிக்கச் சொல்லித் தருகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவோம், உன் வயதுதான் இருக்கும், அவர் என்னைத் தனியாக அழைத்து, அம்மா தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பொண்ணு இப்படி எழுதியிருக்காங்க என்று போனை என்னிடம் நீட்டினார். படித்து முடித்தபோது எனக்கு நிஜமாகவே முதல் தடவையாகத் தலை சுற்றியது, அது உன்னால். ஒரு வாரம் என்னை உட்கார வைத்துவிட்டாய். டாக்டர் என்னை ஒற்றைக் காலில் நிற்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லி, எல்லாம் முடிந்த பிறகு, உங்களுக்குத் தலை சுத்துதுனு யாரு சொன்னா என்று கேட்டார். என்னைப் பெற்றவள் மாதிரி நடந்துகொள்கிற ஒருத்தி இருக்கிறாள், நான்தான் அவளைப் பெற்றேன் என்றேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று போனில் கேட்டாய், நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். இப்போது சொல்கிறேன், கடிதத்தை நடுவில் வைக்க முடியாது. எங்கள் குஷன் பட்டறைக்கு அந்தப் பள்ளியிலிருந்துதான் வேலை வந்தது. அவர்களுடைய சின்ன விமானத்தில் இரண்டு பெஞ்சுக்கு ரெக்சின் கிழிந்துபோயிருந்தது. நான் தைத்தேன், பூட்டுவதற்கும் நானே போனேன். பூட்டி முடித்ததும் விமானி, மேல போய் ஒரு சுத்து சுத்திட்டு வரலாம், ஆடுதான்னு நீங்களே பாத்துக்குங்க என்றார். சரி என்று ஏறி உட்கார்ந்தேன். என்னோடு எட்டுப் பேர் ஏறினார்கள். உயரம் போனதும் கதவைத் திறந்தார்கள், ஒருவர் பின் ஒருவராக எழுந்து போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசியில் நான் தைத்த பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பெஞ்சு ஆடவே இல்லை. இருபத்தாறு வருடமாக யார் யாரோ உட்கார்வதற்கு நான் தைத்துக் கொடுத்திருக்கிறேன், அன்றைக்கு உட்கார்ந்தே கீழே வந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த வாரமே வகுப்பில் சேர்ந்துவிட்டேன், இவ்வளவுதான் கதை.

இதுவரை ஏழு தடவை குதித்திருக்கிறேன். ஆறு என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய், ஏழாவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முதல் ஆறிலும் இரண்டு பக்கமும் ஆட்கள் என்னைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள், முகம் திறந்த ஹெல்மெட், என் மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பெரிய கண்ணாடி. ஆறாவது தடவை அந்தப் பெரிய கண்ணாடிக்குள் காற்று புகுந்து என் கண்ணாடியைப் புருவத்துக்கு ஏற்றிவிட்டது. கண்ணில் நீர் கொட்டுகிறது, மணிக்கட்டில் கடிகாரம் மாதிரி உயரத்தைக் காட்டுகிற கருவி, அதில் முள் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நான் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், மாஸ்டர் என் பாராசூட்டை இழுத்துவிட்டார். பயமா என்று கேட்பாய், பயம்தான். பயமில்லை என்று எப்போது சொன்னேன்? பயந்தால் அந்த இடத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றுவதில்லை. கீழே வந்ததும் அவர் கறாராகச் சொல்லிவிட்டார், தனியா அனுப்பணும்னா உயரத்தை நீங்களே படிக்கணும், படிக்க முடியலேன்னா இந்த ஜென்மத்துல அனுப்பமாட்டேன் என்று. முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட் ஒன்று, மூக்குக் கண்ணாடியோடு போடக்கூடியது, கண்டுபிடியுங்கள் என்றார். ஆக நான் தனியாகக் குதிப்பதும் குதிக்காததும் ஒரு ஹெல்மெட்டில் வந்து நின்றது.

பட்டறையில் துணி வெட்டுகிற கத்திரியை உனக்கு நினைவிருக்கும், துணியைவிடப் பேச்சை நன்றாக வெட்டுவாள் என்று அந்தப் பெயர். அவள் தன் ஸ்கூட்டர் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள், இதுவும் மூஞ்சியை மூடுது, அதுவும் மூஞ்சியை மூடுது, அப்புறம் என்ன என்றாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மாஸ்டர் அதை என் தலையில் மாட்டிவிட்டு, இப்ப உங்க இடுப்புல இருக்கிற, பாராசூட்டை இழுக்கிற கைப்பிடியப் பாருங்க என்றார். குனிகிறேன், ஹெல்மெட்டின் மோவாய்ப் பக்கம் மார்பில் இடிக்கிறது, கைப்பிடி கண்ணில் படவே இல்லை. கனமும் அப்படி, பாராசூட் விரியும்போது கழுத்தை ஒரு வெட்டு வெட்டிவிடுமாம். ரோட்டில் விழுகிறவர்களுக்குச் செய்ததை வானத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று புரிந்தது.

பிறகு நான் செய்த காரியத்தை யாரிடமும் சொல்லாதே. தபாலில் ஒன்று வரவழைக்கலாம் என்று அப்பாவை டேப்பைப் பிடிக்கச் சொன்னேன். அவர் புருவத்துக்கு மேலே சுற்றிப் பிடித்து, இருபத்திரண்டு இஞ்ச் என்று ஒழுங்காகத்தான் படித்தார். நான் இருபத்துமூன்று என்று எழுதினேன். உறை தைக்கிறவர்கள் அளவெடுத்தால் தையலுக்கென்று ஓர் இஞ்ச் சேர்த்தே எழுதுவோம், கை தானாகச் சேர்த்துவிடும். தலைக்கு எதற்குத் தையல்? வந்த ஹெல்மெட் உரலில் கொட்டைப்பாக்கைப் போட்ட மாதிரி ஆடியது. விட்டேனா, அளவுதானே பெரிசு, ஸ்பாஞ்ச்தானே குறைச்சல், நமக்குத் தெரியாத ஸ்பாஞ்சா என்று கன்னப் பக்கம் இரண்டையும் பிரித்து, பட்டறையிலிருந்து நல்ல மெத்தென்ற துண்டாக வெட்டி வைத்து, தையல் வெளியே தெரியாமல் மூடினேன். அவ்வளவு அழகான வேலை. மாஸ்டர் வெளியிலிருந்து அதைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பினார், என் தலை இருந்த இடத்தில் இருந்தது, ஹெல்மெட் மட்டும் திரும்பியது, எனக்குக் கறுப்பு ஸ்பாஞ்ச் தவிர ஒன்றும் தெரியவில்லை. உட்கார்றதுக்கு வைக்கிற ஸ்பாஞ்ச் வேற, அடி தாங்குறதுக்கு வைக்கிற ஸ்பாஞ்ச் வேறம்மா என்றார். புதிதாக வேலைக்குச் சேருகிற ஒவ்வொருத்திக்கும் நான் முதல் நாள் சொல்கிற பாடம் அது. அன்றைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த ஹெல்மெட் இப்போது கத்திரியிடம் இருக்கிறது, நூல்கண்டு போட்டு வைத்திருக்கிறாள்.

அப்புறம்தான் அப்பாவையும் கூட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய், பாராசூட் சாமான் விற்கிற கடையில் நேரில் பார்த்து எடுத்தேன். கடைக்காரர், பையனுக்கா பாக்குறீங்க என்றார். எனக்கு என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா, என்னை எதுக்குப் பாக்குறீங்க, தலை அவளோடது என்றார். உன் அப்பா முப்பத்துமூன்று வருடத்தில் என் பக்கம் இவ்வளவு சுருக்கமாகவும் இவ்வளவு சரியாகவும் பேசியது அன்றைக்குத்தான். ஒவ்வொரு ஹெல்மெட்டையும் கவிழ்த்து உள்ளே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், விட்டதும் உடனே எழும்பினால் வேண்டாம், மெதுவாக எழும்ப வேண்டும். பதினோராவதில் கடைக்காரர் வாதாடுவதை நிறுத்திவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டார். பிடித்ததை மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன், ஏனென்றால் ஐந்து நிமிடத்தில் சுகமாக இருப்பது இருபதாவது நிமிடத்தில் நெற்றியைக் குத்த ஆரம்பிக்கும், நாற்காலியும் அப்படித்தான். என் கண்ணாடிக் காம்பு போவதற்கு இரண்டு பக்கமும் வாய்க்கால் மாதிரி இடம் விட்டிருந்தார்கள். குனிந்தால் இடுப்பு தெரிந்தது. முன்னாலிருக்கும் கண்ணாடி மூடியை ஒரே கையால், கையுறையோடு, திறக்க முடிந்தது. ஊதி ஊதிப் பார்த்தேன், ஆவி படிந்து உடனே விலகியது. தலையை உதறினேன், ஹெல்மெட்டும் என்னோடேயே வந்தது. எனக்குக் கறுப்புதான் பிடித்திருந்தது. அப்பா மட்டும் ஆரஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு கீழே வைக்கவே இல்லை. எதுக்குங்க இந்தக் கலர் என்றால், கீழேருந்து பாத்தா நீ எதுன்னு எனக்குத் தெரியணும் என்றார். ஆரஞ்சே எடுத்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏழாவது தடவை. மாஸ்டர் பக்கத்தில் வந்தார், ஆனால் தொடவில்லை. ஹெல்மெட்டுக்குள் காற்றின் சத்தம் பக்கத்து வீட்டுச் சண்டை அளவுக்குத்தான் கேட்டது, கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. முள்ளை ஆயிரம் ஆயிரமாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தேன், இழுக்க வேண்டிய உயரத்தில் நானே இழுத்தேன். இறங்கியதும் என் அட்டையில் மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் தனியாகக் குதிக்கிறேன்.

இந்த வயதில் இது தேவையா என்று கேட்டாய். எந்த வயதில் தேவை என்று ஒரு பட்டியல் அனுப்பு, பார்க்கிறேன். இருபத்துமூன்றில் எனக்கு நீ இருந்தாய், முப்பதில் பட்டறை இருந்தது, நாற்பதில் அப்பாவுக்கு முதுகு ஆபரேஷன். இப்போது ஐம்பத்தைந்து, முட்டி சரியாக இருக்கிறது, டாக்டர் சரி என்கிறார், சொல்லித் தருகிறவர் சரி என்கிறார், வீட்டுக்காரர் சரி என்கிறார். சரியில்லை என்று சொல்கிற ஒரே ஆள் இரண்டு விமானம் மாறிப் போக வேண்டிய தூரத்தில் இருக்கிறாள். இன்னும் எத்தனை மெயில் வேண்டுமானாலும் அனுப்பு, நான் குதிப்பேன்.

உன் மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் கோபத்தோடு நிறுத்திக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன், ஒன்பது வருடமாக வாய் வரை வந்து நின்றுபோகிறது. நீ கிளம்புவதற்கு முன்னால் உன் பாஸ்போர்ட் காணாமல் போனதே, வீட்டையே தலைகீழாகப் புரட்டினாயே, பீரோவுக்குப் பின்னால் கிடந்தது என்று இரண்டாம் நாள் நான் எடுத்துக் கொடுத்தேனே, அது பீரோவுக்குப் பின்னால் கிடக்கவில்லை. நான்தான் எடுத்தேன். சாப்பாட்டு மேசை நாற்காலியின் குஷனைப் பிரித்து உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன். நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அழுதாய். என் வேலையில் ஒரு தையல் பிசகவில்லை, நீ அதன்மேல் உட்கார்ந்து அழுவதை ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றேன், மறுநாள் முடியவில்லை, பிரித்தேன். பிரித்துக் கொடுத்த பிறகும் மனசு இளகாமல், கால் வலி என்று சொல்லி விமான நிலையத்துக்கு வரவில்லை. எனக்குக் கால் வலி இல்லை. அப்பா திரும்பி வந்து, உள்ளே போற வரைக்கும் அவ திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனா என்றார். நான் அடுப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் உன் மெயிலை நான் மன்னித்துவிட்டேன், நீயும் என்னை மன்னிக்கப் பார். பொய் சொல்லி ஆளைப் பிடித்து வைக்கிற புத்தி உனக்கு வேறு எங்கிருந்து வந்திருக்கும்.

பல் டாக்டரிடம் போனாயா? தள்ளிப்போடாதே, கடைவாய்ப் பல் விளையாட்டில்லை. குளிருக்கு அந்தப் பழைய மேல்சட்டையையே போடாமல் புதிதாக ஒன்று வாங்கிக்கொள். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் இரண்டு பேரும் குறையில்லாமல், நினைத்தது நடந்து, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அப்பா போனில் வீடியோ போட்டு மேலே காட்டிக்கொண்டு நிற்பார். உனக்கு அது விடிகிற நேரம். நீ எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நான் விமானத்தில் ஏறிவிடுவேன், அதில் மாற்றமில்லை. ஆனால் எடு, கண்ணு. வழியனுப்ப வராமல் இருந்துவிட்டால் ஆள் போகாமல் இருந்துவிடுவதில்லை. வராதவளுக்கு அதற்கப்புறம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், உனக்கு அது தெரிய வேண்டாம்.

என்றும் உன்,
அம்மா