முன்பக்கம் கறுப்பு, பின்பக்கம் சிவப்பு

செப்டம்பர் 4, 1986. வியாழன்

காலையிலிருந்து மழை. அரைநாள் வேலைதான், ஆனாலும் நனைந்துகொண்டே போய் நனைந்துகொண்டே வந்தேன். புக்கிட் செலம்பாவிலிருந்து சுங்கைப் பட்டாணி வரை ஒரு இடத்தில்கூட மழை விடவில்லை. சப்பாத்து அடுப்புக்குப் பக்கத்தில் காய்கிறது.

ஃபேக்டரி மேனேஜர் லிம் கூப்பிட்டார். என்னையும் யோகனையும் சேர்த்து. கம்ப்யூட்டர் அறை புதுக் கட்டடத்துக்கு மாறப்போகிறதாம். அதற்குள் எல்லாக் கேபினெட்டுக்கும் படம் வேண்டும். எந்தப் பெட்டி எதற்குள் இருக்கிறது, எந்தக் கேபிள் எங்கிருந்து எங்கே போகிறது, எல்லாம். படத்தை எதில் போடலாம், கையாலா, மெஷினிலா, வேறு ஏதாவதிலா என்று நாங்கள் இருவரும் பார்த்துச் சொல்ல வேண்டும். புது அறைக்கு ஒரு ஆள் போதும் என்றும் சொன்னார். என்னையும் பார்க்கவில்லை, யோகனையும் பார்க்கவில்லை. ஏர்கோனைப் பார்த்துச் சொன்னார்.

மற்ற ஆள் வொர்க்‌ஷாப்புக்கு. அதை அவர் சொல்ல வேண்டியதே இல்லை. நான் அங்கிருந்து வந்தவன்தானே. எண்ணெய்ப் பிசுக்கில் உட்கார்ந்து மெஷின் பாகங்களுக்குப் படம் போட்டவன். அந்தக் குளிர் அறை திறந்த நாளிலிருந்து அதன் படம் ஒவ்வொன்றும் என் கைப்பட்டது.

யோகன் வந்தது இந்த வருடம்தான். அலோர் ஸ்டார் பையன், யாழ்ப்பாணக் குடும்பம், அப்பா அரசாங்க ஆபீசில் பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். கோலாலம்பூரில் படிப்பு. ஆமாம் என்று சொல்லமாட்டான், எதற்கும் "ஓம் அண்ணே" என்பான். லிம்மோடு இங்கிலீஷில் சிரித்துப் பேசுவான். நான் லிம்மோடு பேசும்போது யாரும் சிரிப்பதில்லை.

கை. இதை இங்கே மட்டும் எழுதலாம். வலது கை நடுங்குகிறது. பேனாவைத் தாளில் வைத்ததும் கட்டைவிரல் பக்கம் துடிக்கிறது. ஏர்கோன் குளிர் என்று நினைத்திருந்தேன். வீட்டிலும் நடுங்குகிறது. யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரி ரோஸுக்கும் தெரியாது.

செப்டம்பர் 5, வெள்ளி

கெடாவின் வார லீவு நாள் போச்சு. படம் போடும் மெஷின் விற்கும் பினாங்குக் கடைக்குச் சாவகாசமாகப் போக வெள்ளிக்கிழமைதான் முடியும். ஞாயிறு அவர்களுக்கு லீவு, நமக்கு வேலை. கெடாவில் பிறந்த வேதக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது சாயந்தரம் ஐந்து மணிக்கு மேல்தான்.

யோகன் தன் காரில் கூட்டிப்போக வீட்டுக்கே வந்தான். போன மாதம் என் பைக் நின்றுபோனபோது கொண்டுவந்து விட்டவன், அன்றைக்கு ரோஸ் சோறு போட்டாள். அதோடு வழி பழகிவிட்டது. நான் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் இரண்டு பேரும் கேட்டருகில் என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ரோஸ் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை. ரோஸ் அப்படிப்பட்டவள் இல்லை, அவனும் இல்லை. ஆனாலும் மழையைப் பற்றி என்னிடம் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

கடையில் கம்ப்யூட்டர், அதோடு ஒரு பிளாட்டர். பேனாவை அதுவே எடுக்கிறது, அதுவே இறக்குகிறது, கோடு போட்டுவிட்டு அதுவே திரும்பக் கொண்டுபோய் வைக்கிறது. வட்டம் போட்டுக் காட்டச் சொன்னான் யோகன். தொடங்கிய இடத்தில் வந்து முடிந்தது, ஒரு மயிரிழை விலகவில்லை. மனிதன் மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். மெஷின் மேல் இன்றைக்குத்தான். அதற்குக் கை நடுங்கவில்லை.

கடைக்காரச் சீனனிடம் யோகன் ஒன்று கேட்டான். கம்ப்யூட்டரே தெரியாத ஆள், வயதும் கொஞ்சம் கூடின ஆள், இதைக் கற்றுக்கொள்ள முடியுமா என்று. ஒரு வாரம் போதும் என்றான் கடைக்காரன். என் எதிரிலேயே கேட்கிறான். திமிர்.

திரும்பும் வழியில் பட்டர்வொர்த்தில் மீ கோரேங் வாங்கிக் கொடுத்தான். சாப்பிட்டேன். பசி.

செப்டம்பர் 6, சனி

லிம்முக்குக் கொடுக்க எழுதி வைத்தது. இங்கே கலப்படம் இல்லாமல்.

கார்டு முறை. ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு அட்டை. எழுத எளிது. அறை எப்படி இருக்கிறது என்று தெரியாது. யாராவது ஒரு அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டால் அந்தக் கேபிளே காணாமல் போனதாக அர்த்தம்.

காந்தப் பலகை. கலர் கலராகத் துண்டுகள். நகர்த்தலாம். கூட்டுகிற அம்மா துணியால் ஒரு துடை துடைத்தால் முடிந்தது.

பிளாட்டர். சுத்தம். வேகம். மாற்ற வேண்டுமென்றால் முழுதும் திரும்ப வரைய வேண்டாம். விலையைக் கேட்டால் லிம் உட்கார்ந்துவிடுவார் (உட்காரட்டும்). கடையில் கிடைத்த தாள் தடித்த தாள், திருப்பினால் ஊடே தெரியாது.

டிரேசிங் தாள், மைப் பேனா, ஸ்டென்சில். பழையது. மெதுவானது. என்னுடையது.

லிம் போட்டி வைத்துவிட்டார். இரண்டாவது வரிசைக் கேபினெட்டுகளை நான் கையால் போட வேண்டும், யோகன் மெஷினில் போட வேண்டும். கடைக்காரன் அதற்கு இடம் கொடுக்கிறானாம். திங்கட்கிழமை பினாங்கிலிருந்து இன்ஜினியர் பராமரிப்புக்கு வருகிறார். அவர் இரண்டையும் வைத்துக்கொண்டு வேலை செய்து பார்ப்பார். யோகன் உடனே ஓம் என்றான். நானும் சரி என்றேன், கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு.

செப்டம்பர் 7, ஞாயிறு

படம் முடிந்தது. முழங்கையை மேசையில் அழுத்தி, மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, மூச்சை நிறுத்தி ஒவ்வொரு கோடாகப் போட்டேன். மை கசிந்த இடங்களை பிளேடால் சுரண்டினேன். ஒரே ஒரு தாள்தான், அதற்கே சட்டை நனைந்துவிட்டது, அந்தக் குளிரிலும். ஆனால் பார்க்க நன்றாக இருக்கிறது. நடுங்கின கை போட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

என் வழக்கப்படி முன்பக்க எண்கள் கறுப்பில். தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்க எண்கள் சிவப்பில். கேபினெட்டின் எண் முன்கதவில்தான் ஒட்டியிருக்கிறது, பின்னால் மொட்டை. கேபிள் வேலை முழுக்கப் பின்னால்தான். பின்னால் போனால் இடது வலதாகும், வலது இடதாகும். டிரேசிங் தாளைத் திருப்பினால் அறையும் அதே மாதிரி திரும்பிக்கொள்ளும், சிவப்பைப் படித்தால் போதும்.

யோகன் நேற்று ராத்திரி கடையில் போட்ட படத்தை மத்தியானம் விரித்தான். அழகு. அப்படி ஒரு அழகு. கோடெல்லாம் கம்பி. எழுத்தெல்லாம் அச்சு. எல்லாரும் மேசையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். என் படத்தைப் பார்த்துவிட்டு அங்கே போனவர்கள் திரும்பி வரவில்லை.

முன்பக்கம் மட்டும்தான் போட்டிருக்கிறான். கேபினெட்டுக்குப் பின்சுவரில் மாட்டி வைத்துவிட்டான், இன்ஜினியருக்குக் கைக்கெட்டும் இடமாம்.

பார்த்த உடனே தெரிந்துவிட்டது எனக்கு, பின்னால் நின்று அதைப் படித்தால் எல்லாம் இடம் மாறிப்போகும். அவன் என் பக்கத்தில்தான் நின்றான். "எப்படி இருக்கு அண்ணே?" என்று கேட்டான். நல்லா இருக்கு என்றேன். பொய் இல்லை, நன்றாகத்தான் இருந்தது.

சாயந்தரப் பூசைக்குப் போனேன். மனம் ஒட்டவில்லை. வரும் வழியில் ரோஸிடம் ரொட்டி வாங்க வேண்டுமா என்று கேட்டேன். "ஓம்" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள். ரோஸ் பாயசம் வைத்தாள்.

நான் நினைத்தபடியே நடந்தது. இன்ஜினியர் முதலில் யோகன் படத்தை எடுத்துக்கொண்டார். பின்னால் நின்று இடப்பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு போய் ஒரு கேபிளைப் பிடுங்கினார். பேக்கிங் பகுதியில் டெர்மினல் திரையெல்லாம் அணைந்துபோய் சூப்பர்வைசர் கத்திக்கொண்டே ஓடி வந்தார். லாரிகள் நின்றுவிட்டன. லிம் முகம் சிவந்து, எல்லார் முன்னாலும் யோகனைப் பிடித்துக்கொண்டார். படித்தவனாம், மெஷினாம், கேபினெட்டுக்கு முதுகு உண்டு என்று தெரியாதாம்.

பிறகு என் தாள். இன்ஜினியர் திருப்பினார், சிவப்பைப் படித்தார், சரியான இடத்தில் கையை வைத்தார். என் தோளில் தட்டினார்.

யோகன் தன் படத்தைச் சுருட்டிக்கொண்டான். காது மட்டும் சிவந்திருந்தது.

வெட்கமாக இருந்ததா? கொஞ்சம். சந்தோஷம் அதைவிட அதிகம். பாயசம் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

லிம் முடிவு சொல்லிவிட்டார். கையால்தான். மெஷின் வேண்டாம். மிஸ்டர் சேவியர், அதாவது நான், எல்லா வரிசையும் போட்டுத் தரட்டும். கேபிள் பாதை, தரைக்கு அடியில் போவது, மின்சார லைன், எல்லாம் தனித்தனித் தாளில். சீக்கிரம்.

நன்றி சொல்லிவிட்டு டாய்லெட்டுக்குப் போய் நின்றேன். ஒரு தாளுக்கே செத்துப் பிழைத்தேன். இப்போது ஒரு கட்டுத் தாள். ஜெயித்தவன் நான்தான். மாட்டிக்கொண்டவனும் நான்தான்.

மேசையில் புதுப் பேனா செட் வந்து உட்கார்ந்திருக்கிறது. லிம் வாங்கியது. மெல்லிய முனை. முனை மெலிந்தால் நடுக்கம் இன்னும் நன்றாகத் தெரியும்.

செப்டம்பர் 10, புதன்

மை. மை. மை. மூன்றாவது வரிசை கெட்டது. பிளேடால் சுரண்டிச் சுரண்டித் தாளில் ஓட்டை. கசக்கிப் பையில் போட்டுக்கொண்டேன், குப்பைத் தொட்டியில் போட்டால் யாராவது பார்ப்பார்கள்.

யோகன் வந்து நின்றான். நேற்று வேலை முடிந்து பினாங்குக்கு ஓடியிருக்கிறான். பின்பக்கப் படத்தை மெஷினே திருப்பிப் போடுகிறதாம், எழுத்து மட்டும் இடவலம் மாறாமல் நேராக நிற்கிறதாம். முன்பக்கம் கறுப்பு, பின்பக்கம் சிவப்பு, என் முறைதான். கொண்டுவந்து காட்டினான். குற்றம் கண்டுபிடிக்கப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

"நீங்க சொல்லுங்க அண்ணே, நான் அடிக்கிறேன். இல்லாட்டி நீங்களே அடிங்க, சூசா இல்ல லா, ரொம்ப சுலபம், விரலால அமுக்கினா போதும்" என்றான்.

தோற்றவன்தானே நீ, உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டேன். சத்தமாக. டைப்பிஸ்ட் காத்திஜா அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அவன் போகவில்லை. என் கையைப் பார்த்தான். பார்த்துவிட்டு உடனே ஜன்னலைப் பார்த்தான். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

தெரியும் அவனுக்கு.

செப்டம்பர் 11, வியாழன்

அரைநாள். மழை இல்லை. சாப்பிட முடியவில்லை. அவன் லிம்மிடம் சொல்லியிருப்பான், சனிக்கிழமை போனதும் கூப்பிடுவார், வொர்க்‌ஷாப் என்பார். அங்கேயும் கைதான் வேண்டும்.

மத்தியானம் ரோஸ் துவைக்கப் பையைக் காலி செய்தாள். கசக்கின தாளெல்லாம் வந்தது. தரையில் விரித்து, கையால் நீவி நீவி வைத்தாள். தையல் துணியை விரிப்பது மாதிரி. நான் கத்தினேன். மை சரியில்லை, பேனா சரியில்லை, அந்த யோகன் என் வாயில் மண்ணைப் போடப் பார்க்கிறான் என்று.

"அந்தத் தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் அவர்கிட்ட கேட்டேன்."

என்ன கேட்டாய் என்றேன்.

"பேனா பிடிக்காம படம் போடற மாதிரி ஏதாச்சும் இருக்கான்னு கேட்டேன். கை நடுங்குது, வேலை போயிருமோன்னு பயமா இருக்கு, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னேன். அதுக்குத்தான் அவர் அந்த மெஷின தேடிக்கிட்டு அலையறாரு."

அவளுக்கு எப்போது தெரியும்? ஈஸ்டருக்கு முன்பே. ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கச் சொன்னாளாம், கண்ணாடி இல்லை என்றேனாம். "கண்ணாடி உங்க மூஞ்சியிலதான் இருந்துச்சு" என்றாள்.

மேலே எழுத முடியவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

விடிந்ததும் எழுதுகிறேன். கோழி கூவுகிறது. ரோஸ் இன்னும் எழவில்லை.

ஆக, கடையில் அவன் கேட்டது எனக்காக. வயது கூடின ஆள் நான்தான். திங்கட்கிழமை லிம் அவ்வளவு திட்டியபோதும், இந்த மெஷின் சேவியர் அண்ணனுக்காக என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். சொல்லவில்லை. அவன் படம் தப்பு என்று தெரிந்தே நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ரோஸிடம் அதை நான் சொல்லவில்லை. அவனிடமும் சொல்லவில்லை.

நல்லவன். எழுதிவிட்டேன். ஒரு தடவை போதும்.

பொறாமை போய்விட்டதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. கூடியிருக்கிறது. முன்பு அவன் படிப்பு மேல், அவன் இங்கிலீஷ் மேல், அவன் கோடு மேல். இப்போது வேறு. என் வீட்டுக்காரி இத்தனை மாதம் வயிற்றில் வைத்துக்கொண்டிருந்த பயத்தை அவனிடம் சொல்லியிருக்கிறாள். கேட்டருகில் நின்றுகொண்டு. என்னிடம் சொன்னால் கத்துவேன் என்று. கத்தத்தான் செய்தேன்.

ராத்திரி படுக்கும்போது கையை அவள் பக்கம் நீட்டினேன். ஒளிக்காமல் நீட்டியது அதுதான் முதல் தடவை. பிடித்துக்கொண்டாள். நிற்கவில்லை, அவள் கைக்குள்ளும் நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள். வேலை நாள் என்றேன். லீவு எடுங்கள் என்றாள். சரி.

நாளை லிம்மிடம் சொல்லிவிடுவேன். கையை மேசை மேல் வைத்துக் காட்டிவிட வேண்டியதுதான். மெஷினை வாங்குங்கள், முறை என்னுடையது, கோடு அது போடட்டும் என்று. வைத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளட்டும், அனுப்பினால் அனுப்பட்டும்.

லிம் எட்டு மணிக்கு வருவார். யோகன் ஏழே முக்காலுக்கெல்லாம் வந்து நிற்கிற ஆள். புதன்கிழமை என் கையைப் பார்த்ததிலிருந்து அவனுக்கும் தூக்கம் இருந்திருக்காது, எனக்காகப் பேசிவிடுவான். நான் ஏழு மணிக்கே போய்விட வேண்டும். இதையாவது என் வாயால் முதலில் நான் சொல்ல வேண்டும்.