மேல் வீட்டு முழங்கால்

மேல் வீட்டு மகாராணியாகிய என் தங்கச்சிக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் நீ மாடியிலிருந்து இறக்கும் பால் கூடையில் இதை வைக்கிறேன்.

குளிர் தொடங்கியதிலிருந்து என் முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. தையல் மெஷினை மிதித்தால் உயிர் போகிறது. வெந்நீர்ப் பை, தைலம், கம்பளிப் பட்டை எதற்கும் மசியவில்லை. டாக்டர், "குளிர் போனா சரியாயிடும்" என்கிறார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா?

போன குளிருக்கு நீ என்ன சொன்னாய்? "வலியாவது மண்ணாவது! உனக்குச் சோம்பல், அக்கா." அன்றோடு பேச்சை நிறுத்தினேன். இந்தக் குளிர் வந்ததும் நீ பாலுக்குக்கூட இறங்காமல் கூடையை விட்டாய். என் முகத்தில் விழிக்கப் பிடிக்காத திமிர் என்று நினைத்தேன்.

நேற்று என் தலைக்கு மேல் உன் நடை கேட்டது. ஒரு காலை வைக்கிறாய், மறு காலை இழுக்கிறாய். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? என் வீட்டுத் தரையிலும் அதேதான். எத்தனை நாளாகடி?

கூடையில் பாதித் தைலம் இருக்கிறது. சூடு பறக்கத் தேய். சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

என்னால் மாடி ஏற முடியாது, உன்னால் இறங்க முடியாது. நாளைக்கு வெயில் வந்ததும் நான் பாதிப் படி ஏறுகிறேன். நீ பாதி இறங்கி வா. திருப்பத்தில் இரண்டு பேர் உட்கார இடம் இருக்கிறது. மிச்சச் சண்டையை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கீழ் வீட்டுச் சோம்பேறி