நாளைக்கு சாதிக்க வாரோம்

என் குசினி ஜன்னலுக்கு எதிரே, உன் வீட்டு அடுப்படி ஜன்னலிலிருந்து என்னை ஓயாமல் வேவு பார்த்த என் ராஜியக்காவுக்கு,

நாளையோடு நீ போய் ஒரு வருஷம். படையலுக்கு எல்லாம் தயார். வடைக்குப் பருப்பு ஊறுகிறது. இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீக்கு உன் நீலக் கோப்பையைத் தேடி எடுத்துவிட்டேன். தொடவே கூடாது என்று டாக்டர் சொன்ன கருவாட்டுக் குழம்பும் உண்டு. இனி யார் உன்னைக் கேட்கப்போகிறார்கள்?

ஆனால் படையலுக்கு வந்து உட்காருவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை என் வாயாலேயே கேட்டுவிடு. உன் போனை அப்டேட் பண்ணிவிட்டேன். ஆமாம், உள்ளே இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றியாயிற்று. உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. என்ன நடந்தது என்று முழுசாகக் கேள்.

அந்தப் போன் உன் வீட்டுக்கு வந்த நாளிலேயே கிழவிதான். யாரோ பாவித்துத் தள்ளியதை வாங்கி, இடது மூலையில் கண்ணாடி வெடித்த பிறகும், பின்மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பட்டி போட்டு வைத்திருந்தாய். பல்லேபொலப் பக்கத்தில் நாம் ஏழு வீட்டுப் பெண்கள் சேர்ந்து, தோட்டத்துச் சாதிக்காயையும் கராம்பையும் மிளகையும் மாத்தளை டவுன் முதலாளி ஒருவருக்குக் கொடுக்கத் தொடங்கியபோது, அந்தக் கிழவியை நம்பித்தானே குரூப் ஆரம்பித்தாய்? காலையில் எல்லாரும் அனுப்பும் ரோசாப்பூப் படங்களிலேயே அதற்கு மூச்சு முட்டிவிடும். சாயங்காலம் நீ உட்கார்ந்து ஒவ்வொரு பூவாக அழிப்பாய். ரொட்டி சுடலாம் போல அது சூடாகும்.

தாங்க முடியாமல் ஒருநாள் இருவரும் சந்தியில் போன் கடை வைத்திருக்கும் ரேணுகாவிடம் போனோம். அவள் புரட்டிப் பார்த்துவிட்டு, பாதி சிங்களமும் பாதி தமிழுமாக, “மேக பரணய், அக்கே. ரொம்பப் பழசு. பெரிய ஆப் எல்லாம் தாங்காது. லைட் போட்டுத் தாறேன்” என்றாள்.

நீ கேட்டாயே ஒரு கேள்வி. “லைட் எதுக்கு ரேணுகா? டோர்ச் நல்லாத்தானே எரியுது!”

ரேணுகா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். பாரம் குறைந்த ஆப்புக்குத்தான் லைட் என்று பெயர் என்று அவள் விளக்கிய பிறகும் நீ விடவில்லை. வீடு வரும்வரைக்கும், “பாரம் கொறஞ்சதுன்னா கொறஞ்சதுன்னு சொல்ல வேண்டியதுதானே” என்று அவளைத் திட்டிக்கொண்டே வந்தாய்.

அந்த லைட்டில்தான் நம் குரூப்பின் புகழ்பெற்ற பிழையும் பிறந்தது. பேசும்போது நம்மில் யார் ‘சாதிக்காய்’ என்று கடைசி எழுத்து வரைக்கும் போகிறோம்? சாதிக்கா என்றுதான் சொல்கிறோம். நீயும் அப்படியே எழுதப் பார்த்தாய். போனுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. தனக்குத் தெரிந்த ‘சாதிக்க’ என்ற சொல்லை எடுத்து நீட்டியது. மிளகு உருவிய கையோடு, அவசரத்தில், நீயும் அதையே தட்டிவிட்டாய். ‘கொண்டு’ என்ற சொல்லும் விட்டுப்போயிற்று. முதலாளிக்குப் போன மெசேஜ் இது: ‘நாளைக்கு ஏழு பேரும் சாதிக்க வாரோம்.’

ஐந்து நிமிஷத்தில் அவர் போனில் கோல் எடுத்தார். குரலே சரியில்லை. “ராஜி, என்னம்மா இது? ஏழு பேரா வந்து என்னத்த சாதிக்கப்போறீங்க? கடையில ஏதும் குறை நடந்துச்சா?”

“ஐயோ மொதலாளி, சாதிக்கா கொட்டையும் அத சுத்தியிருக்கிற வசவாசியும் கொண்டாறோம், வேற ஒண்ணுமில்ல!” என்று நீ கத்தியது என் குசினிக்குக் கேட்டது.

அதோடு சாதிக்காய்க்கு நம் குரூப்பில் அதுதான் பெயர். ‘எங்க மரத்துல இந்த வருஷம் சாதிக்க ஒண்ணுமில்ல.’ ‘காயப்போட்ட சாதிக்க மழையில நனஞ்சி போச்சி.’ வேலிக்கு அந்தப் பக்கத்துப் பரீதா ஒருநாள் மூச்சு வாங்க எழுதினாள்: ‘சாதிக்க குரங்கு விட மாட்டேங்குது.’ அதைப் படித்துவிட்டு நீ ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்புக்கு, குரங்கே ஓடிப்போயிருக்கும்.

மாத்தளை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நீ கடைசியாகப் போட்டதும் அந்தச் சொல்லோடுதான். ‘இந்த தடவ என்னால ஏலாது. சாதிக்க நீங்க போங்க.’ நாங்கள் ஆறு பேரும் அப்போது மூட்டைகளோடு பஸ்ஸில் இருந்தோம். வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே படித்தோம். இரண்டாம் நாள் நீ இல்லை.

போன் என்னிடம் வந்தது. முதலாளிக்கும் குரூப்புக்கும் தெரிந்த நம்பர் அதுதானே, எனக்கு வேறு போனும் கிடையாது. முப்பது நாள் வரைக்கும் அதைத் தொடவே மனமில்லாமல் அலுமாரியில் வைத்திருந்தேன். பிறகு வேறு வழியில்லாமல் முதலாளிக்கு எழுத உட்கார்ந்தேன். ‘நா’ என்று தட்டியதும் மேலே மூன்று சொற்கள் வந்து நின்றன. நடுவில் ‘நாளைக்கு.’ அதைத் தட்டினேன், ‘சாதிக்க’ என்றது. அதையும் தட்டினேன், ‘வாரோம்’ என்றது. நான் ஒன்றுமே எழுதவில்லை அக்கா. நீதான் எழுதினாய்.

அன்றைக்கு அழுதேன், மறைக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து அது எனக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. பிளேன்டீயோடு உட்கார்ந்து என் பெயரின் முதல் எழுத்தை, ‘சு’ என்று தட்டுவேன். பிறகு நடுச் சொல்லையே தட்டிக்கொண்டு போவேன். ‘சுமதி சாப்டியா மழை வருது துணிய எடு பரீதா பஸ் போயிருச்சி.’ தலையும் இல்லை, வாலும் இல்லை. ஆனால் நீ ஜன்னலில் நின்று ஒரே மூச்சில் சொல்வது அப்படித்தானே? யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவேன். உன் போட்டோக்கள் இருக்கின்றன, அவற்றில் நீ அடையாள அட்டைக்கு நிற்பவள் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறாய். அந்த எழுத்துப் பலகைக்குள்தான் நீ நீயாக இருந்தாய்.

இந்த நேரத்தில்தான் அப்டேட் கேட்கத் தொடங்கியது. ‘இப்போதா, பிறகா?’ என்று தினமும் ஒரு கேள்வி. ரேணுகாவிடம் கேட்டேன். “எடமில்லாத போன், எல்லாத்தையும் தொடச்சிட்டுத்தான் ஏத்தணும். போட்டோ, பேசுனது எல்லாம் மெமரி காட்ல எடுத்துத் தருவேன் நங்கி. கீபோட் படிச்ச சொல்லு மட்டும் போயிரும். அத யாரு கேக்குறா?” என்றாள். நான்தான் கேட்கிறேன் என்று அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து ‘பிறகு’ என்று தட்டினேன். இரண்டு மாதம் பிறகு, பிறகு என்றே தள்ளினேன். லைட் ஆப்பும் இனி இந்தப் போனில் ஓட மாட்டேன் என்று சிவப்பு எழுத்தில் சொன்னது. அதற்கும் ‘பிறகு’தான்.

போன மாதம் மாட்டிக்கொண்டேன். ஆறு பேரும் மூட்டைகளைச் சுமந்து மாத்தளையில் போய் இறங்கினால், கடை பூட்டு. முதலாளி வீட்டில் கல்யாணமாம். மூன்று நாளைக்கு முன்பே மெசேஜ் போட்டிருக்கிறார். போன் அதை எனக்குக் காட்டவே இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நான்கு பேர் என்னை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். பரீதா மட்டும் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏன்டி, ரேணுகாகிட்ட குடுத்தா ஒரு மணித்தியாலத்துல செஞ்சி குடுத்திருப்பாளே?”

“அதுக்குள்ள அக்கா எழுதுன சொல்லு எல்லாம் இருக்கு பரீதா. அப்டேட் போட்டா போயிரும்.”

பரீதா மூட்டையை மடியிலிருந்து காலடியில் இறக்கி வைத்தாள். பிறகு, “யா அல்லாஹ்! ராஜியக்காவா இருந்தா கேட்ட அன்னிக்கே போட்டிருப்பாங்கடி. அவங்களுக்கு அப்டேட்னா உசிரு. நீ அவங்க பேர சொல்லிக்கிட்டு அவங்க செய்யவே செய்யாத வேலைய செய்ற” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. பல்லேபொல வரும்வரைக்கும் கோபம் இருந்தது. இறங்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. அவள் சொன்னது பொய்யா? ஒருமுறை போனுக்குப் போட்ட ரீலோட் காசு முழுவதையும் ஒரே அப்டேட்டுக்குக் கொடுத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டுக் காட்டினாயே, ஞாபகமிருக்கிறதா? “பச்சை பட்டன் நீலமாயிருச்சி பாரு சுமதி!” அந்த நீலத்தை ஒரு வாரம் ஊருக்கெல்லாம் காட்டினாய்.

அடுத்த நாள் காலையிலேயே ரேணுகா கடைக்குப் போனேன். கொடுப்பதற்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து கடைசியாக ஒருதரம் ‘சு’ என்று தட்டினேன். சுமதி வந்தது, சாப்டியா வந்தது. மழையைப் பற்றியும் துணியைப் பற்றியும் சொன்னாய். பிறகு எங்கே போவதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றி ‘சாப்டியா சுமதி சாப்டியா’ என்றே வந்துகொண்டிருந்தது. ‘சாப்பிட்டேன் அக்கா’ என்று எழுதிவிட்டுப் போனை ரேணுகாவிடம் நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். வாங்கி, ரப்பர் பட்டியைக் கழற்றி என் கையில் தந்தாள்.

புதிதாக ஏற்றிய பிறகு கிழவி குமரியாகிவிட்டாள், பொய் சொல்லக்கூடாது. சூடில்லை, இடையில் நின்று தொங்குவதில்லை, தொட்டவுடன் திறக்கிறது. வீட்டுக்கு வந்து குரூப்புக்கு எழுதினேன். ‘சாதிக்கா’ வரைக்கும் தட்டியதும், அது தானாகவே ‘சாதிக்காய்’ என்று முடித்துக் கொடுத்தது. கடைசி எழுத்துப் புள்ளி உட்பட எல்லாம் சரி. அந்தச் சரிதான் எனக்குப் பொறுக்கவில்லை. இருந்தாலும் அனுப்பினேன்: ‘வெள்ளிக்கிழமை சாதிக்காய் கொண்டு போவோம்.’

எல்லாரும் படித்துவிட்டார்கள் என்று தெரிகிறது, ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பரீதாவின் குரல் வந்தது, பொலிஸ் விசாரிக்கிற மாதிரி. “யாருங்க நீங்க? எங்க சுமதியோட போன் ஒங்க கையில எப்டி வந்துச்சி?” அதற்குக் கீழே இன்னொருத்தி, ‘குரூப்புல கள்ளன் பூந்துட்டான், யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க’ என்று எழுதியிருந்தாள். அதையும் கள்ளன் படிப்பான் என்று அவளுக்குத் தோன்றவில்லை பார்.

இது போதாதென்று முதலாளி கோல் எடுத்தார். “சுமதி, போன் ஒங்ககிட்டதானே இருக்கு? சாதிக்காய்னு மெசேஜ் வந்திச்சி. அதான் ஒரு சந்தேகம்.”

நான் ஓடிப்போய் வேலியில் நின்று பரீதாவைக் கூப்பிட்டு முகத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். அப்புறம் ஐந்து பேரும் வரிசையாக அனுப்பினார்கள்: சாதிக்க, சாதிக்க, சாதிக்க. பரீதா தன் போனைக் கொண்டுவந்து காட்டினாள். ‘சா’ என்று தட்டினால் அவள் போனில் முதலில் வருவதே அதுதான். மற்றவர்களுக்கும் அப்படியேதானாம். உன்னைக் கேலி பண்ணி எழுதி எழுதியே ஐந்து போனும் உன் பிழையை மனப்பாடம் பண்ணி வைத்திருக்கின்றன. உன் போன்தான் மறந்துவிட்டது!

விடுவேனா? அன்றிலிருந்து நானும் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியே எழுதினேன். நான் சாதிக்க என்று எழுத, அது சாதிக்காய் என்று திருத்த, நான் பின்னால் போய் அழிக்க. அதற்கும் பிடிவாதம், எனக்கும் பிடிவாதம். இன்று காலை முதலாளிக்கு எழுத உட்கார்ந்தேன். ‘நாளைக்கு’ என்று தட்டியதும், நான் கேட்காமலேயே, நடுவில் வந்து நின்றது ‘சாதிக்க.’ நான் போட்ட கூச்சலில் பரீதா வேலியைத் தாண்டி ஓடி வந்தாள். இப்போது அது உன் சொல்லா, என் சொல்லா அக்கா? யாரைக் கேட்பது?

இந்தப் போனுக்கு இதுதான் கடைசி அப்டேட்டாம். இனி வந்தால் புதுப் போன்தான் என்கிறாள் ரேணுகா. வரட்டும், இந்தமுறை பிறகு, பிறகு என்று தள்ளமாட்டேன். ஆனால் எத்தனை போன் மாறினாலும், பெட்டியைத் திறந்தவுடன் முதல் வேலையாக உன் பிழையை அதற்குச் சொல்லிக்கொடுப்பேன். எவ்வளவு படித்த போனாக இருந்தாலும் சரி. இது உன் மேல் சத்தியம்.

நாளைக் காலையிலேயே உனக்குப் படைத்துவிட்டு, பத்தரை பஸ்ஸுக்கு ஆறு பேரும் மூட்டைகளோடு நிற்போம். மெசேஜ் போய்விட்டது. முதலாளி பயப்படவில்லை. நீதானே எங்களைப் போகச் சொன்னாய், போகிறோம்.

வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு,
நாளைக்கு சாதிக்கப் போகிற
உன் தங்கச்சி,
சுமதி