யார் எடைக்கு வண்டி

ஜூன் 2, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். வண்டி கழுவினேன். சக்கரத்துக்குள் ட்ராக் ரப்பர் துணுக்குகள், ஸ்க்ரூ டிரைவரால் நோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. முன் டயர் இரண்டும் உட்பக்கம் தேய்ந்துவிட்டன. சக்கரத்தைக் கொஞ்சம் உள்ளே சாய்த்து வைத்தால் ட்ராக்கில் வளைவைக் கவ்விப் பிடிக்கும். ரோட்டில் டயரைத் தின்னும். இரண்டுக்கும் ஒரே வண்டி வைத்திருப்பவன் தலையெழுத்து.

கேஸ் புக் செய்ய. முடி வெட்ட. கரெண்ட் பில்.

நேற்றைப் பற்றி எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று கோவை ரேஸ் ட்ராக்கில் என் பெண்டாட்டி சுகன்யா என்னைவிட வேகமாக ஓட்டினாள். ஒன்றரை விநாடி. ரோட்டில் ஒன்றரை விநாடிக்கு ஒரு மரியாதையும் கிடையாது. ட்ராக்கில் அது மானப் பிரச்சினை.

அவள் வந்ததே எனக்குக் குடை பிடிக்க. பிளாஸ்கில் காபி, டப்பாவில் புளிச்சோறு, கையில் குடை. கராஜ் மாதேஷ்தான் கெடுத்தான். எங்கள் ஊர் கௌதள்ளிக்காரன், நாங்கள் இருக்கும் மைசூரில் இவன் கையைத் தவிர வேறு யாரும் இந்த வண்டியைத் தொட்டதில்லை. "அக்கா, சும்னே நிக்கறதுக்கு நீங்களும் நாலு ரவுண்டு போயிட்டு வாங்களேன்" என்றான். என் ஹெல்மெட் அவளுக்குப் பெரிது. துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு அதன்மேல் மாட்டினாள். நான் சிரித்தேன். சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

மூன்றாவது சுற்றில் மாதேஷ் ஸ்டாப்வாட்சைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி ஸ்டாப்வாட்சைப் பார்த்தான்.

இறங்கி வந்து சொல்கிறாள்: "வளைவுல நொழையறப்ப வண்டியோட பின்பக்கம் நம்மள முந்தப் பாக்குதுங்க. பின்னாடி கொஞ்சம் லூஸ் பண்ணுனா சரியாப் போயிரும்னு தோணுது."

மாதேஷ் உடனே டிக்கியைத் திறந்து பின் ஷாக் அப்சார்பர் இரண்டிலும் திருகை இரண்டு கிளிக் தளர்த்தினான். மறுபடி போனாள். இன்னும் குறைந்த நேரம். ஆறு மாதமாக நான் பின்பக்கத்தை இறுக்கு இறுக்கு என்கிறேன், "பாக்கலாங்ணா" என்கிறான். எனக்குப் பாக்கலாம். அவளுக்கு டிக்கி திறக்கும்.

திரும்பும்போது திம்பம் மலையை நான்தான் ஓட்டினேன். ஒரு கொண்டை ஊசி வளைவில்கூட அவள் வாய் திறக்கவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

ஜூன் 3, திங்கள்

மூட்டம். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட். நான் பஸ், வண்டி அவளுக்கு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவள் பாடம் எடுக்கும் காலேஜுக்கு பஸ் இல்லை, அதனால் திங்கள் முதல் வெள்ளி வரை அது அவள் வண்டி. சனி ஞாயிறு மட்டும் என் வண்டி. வாங்கியது நான். கடன் கட்டுவது நான்.

அவள் ஓட்டியதை எடுத்த வீடியோவை மாதேஷ் ஸ்டேட்டஸில் போட்டுத் தொலைத்திருக்கிறான். ஆபீஸில் பர்ச்சேஸ் பிரிவு ரவி டீ நேரத்தில்: "என்ன சார், உங்க மனேல மேடம்தான் டிரைவராமே?" எல்லாரும் சிரித்தார்கள். நானும். கன்னம் வலித்தது.

சாயங்காலம் அக்ரஹாரத்தில் பூ வாங்க நிறுத்தினேன், சுகன்யா (இனி சு.) காலேஜிலிருந்து வந்து தூங்குகிறாள் என்று வண்டியை நான் எடுத்துப் போயிருந்தேன். பூக்காரம்மா வண்டியை எட்டிப் பார்த்து, "மேடம் காடி அல்வா இது? மேடம் வரலியா?" என்றாள். காடி என்றால் வண்டி, அல்வா என்றால் அல்லவா. அந்தத் தெருவுக்கே இது மேடம் வண்டி. நான் யார் என்று கேட்கவே இல்லை.

ஜூன் 5, புதன்

மழை இல்லை. பொன்னான யோசனை ஒன்று.

எடை! நான் எண்பத்தாறு கிலோ. அவள் ஐம்பத்தேழு. கிட்டத்தட்ட முப்பது கிலோ சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அதுதான் ஒன்றரை விநாடி. ஓட்டுவது காரணமில்லை, உடம்பு காரணம். மத்தியானம் முழுக்க மனசு லேசாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சொல்லியும் விட்டேன். சு. ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அப்ப ராத்திரிக்கு இனிமே ரெண்டு சப்பாத்தியோட நிறுத்திக்குங்க" என்றாள். வேறு ஒன்றும் இல்லை. கோபம்கூட வரவில்லை அவளுக்கு. அதுதான் எரிகிறது.

படுக்கப் போகும்போது உறைத்தது. போன மார்ச்சில் நாலு சக்கரத்துக்கும் அடியில் தராசு வைத்து வண்டியைச் சமன் செய்தோம். ஓட்டுபவர் எடைக்குச் சீட்டில் பாரம் வைக்க வேண்டும். எனக்கு வெளியில் ஒரு வேலை இருந்தது. என் எடைக்கு மூன்று மூட்டை சோனா மசூரியும் ஒரு சின்னப் பையும் வைத்துவிட்டுப் போனேன். (அந்த அரிசியைத்தான் ஜூன் வரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.) அதாவது வண்டி என் உடம்புக்குச் சரியாக நிற்கிறது. அவள் உட்கார்ந்தால் கோணல்.

கோணலாக நிற்கும் வண்டியில் ஒன்றரை விநாடி முந்தினாள்.

பொறாமைதான். வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், இல்லை.

ஜூன் 7, வெள்ளி

இடி. கரெண்ட் போய்ப் போய் வருகிறது.

மாதேஷ் போன், ஸ்பீக்கரில். வரும் பதினாறாம் தேதி கோவையில் நேரப் போட்டி. ஒரு வண்டிக்கு ஒரு ஆள்தான். "யாரு பேர் கொடுக்கட்டுங்ணா?" அவன் குரலில் ஆசை வழிந்தது. என் பேருக்கு அல்ல.

நான் பதில் சொல்வதற்குள் சு. உள்ளிருந்து: "உங்க பேரே கொடுக்கச் சொல்லுங்க. நான் போட்டிக்கெல்லாம் வரல."

"பாத்தியா, அவளே சொல்லிட்டா" என்றேன். ரொம்ப அவசரமாகச் சொல்லிவிட்டேன். ஒரு தடவை, "ஏன், நீ போயேன்" என்று ஒப்புக்காவது கேட்டிருக்கலாம். கேட்டால் சரி என்றுவிடுவாளோ என்று பயம்.

மாதேஷ், "சரி பிடுங்ணா" என்று போனை வைத்தான். கன்னடத்தில் பிடு என்றால் விடு. விட்டுவிட்டான்.

வேண்டியது கிடைத்துவிட்டது. பிறகும் என்ன எரிச்சல்?

ஜூன் 9, ஞாயிறு

வெயில் அடித்தது, அதிசயம். துணி துவைத்தாயிற்று. தேங்காய் எண்ணெய், துவரம் பருப்பு வாங்க.

சு. கோயிலுக்குப் போன நேரத்தில் நாலு ஷாக்கையும் ட்ராக் அளவுக்கு இறுக்கினேன். போட்டிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. சனிக்கிழமை இறுக்கினால் போதும். வழக்கமாக அப்படித்தான்: வார நாளில் ரோட்டுக்குத் தளர்வு, சனிக்கிழமை இறுக்கம்.

ஏன் இன்றைக்கே? வண்டி செட் ஆகட்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பொய். ஸ்ரீரங்கப்பட்டணம் சர்வீஸ் ரோட்டில் எத்தனை ஹம்ப்ஸ், அதாவது வேகத்தடை, என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஹம்ப்பும் அவள் இடுப்பில் ஏறி இறங்கட்டும். "என்னங்க இந்த வண்டி, எனக்கு வேண்டாம், பழைய ஸ்கூட்டர்லயே போறேன்" என்று அவள் வாயால் வரட்டும். அவ்வளவுதான் ஆசை.

அவசரத்தில் வலது பின்பக்கம் கிளிக் எண்ணிக்கை கொஞ்சம் குழம்பிவிட்டது. வாசலில் அவள் செருப்புச் சத்தம். டிக்கியை மூடிவிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

தூறல். அவள் வந்தாள், பையை வைத்தாள், காபி போட்டாள். "ரோடு எப்படி?" என்றேன். "ரோடு மாதிரி இருந்துச்சு" என்றாள்.

கல்நெஞ்சுக்காரி. இல்லை, அது நான்.

ஜூன் 12, புதன்

வேலை முடிந்து வந்தபோது சோபாவில் குப்புறப் படுத்து இடுப்பில் வெந்நீர்ப் பை வைத்திருந்தாள். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, பார்க்கவில்லை.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. நின்னுக்கிட்டே கிளாஸ் எடுத்தது."

சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை, கீழே போய் நாலு திருகைத் திருப்பினால் தீர்ந்தது. போனேனா? தோசைக்கு மாவு இருக்கா என்று கேட்டேன். எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் இறுக்கத்தைத் தளர்த்தினால் நான் இறுக்கினேன் என்று தெரிந்துவிடுமே.

தைலம் தேய்த்துவிட்டேன். "கை நல்லா அழுத்தமா இருக்குதுங்க" என்றாள். செத்துப்போகலாம் போலிருந்தது.

ஜூன் 14, வெள்ளி

மழை விட்டது. பிளாஸ்க் உடைந்தது, புதுசு வாங்க.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"வலது பின்பக்கம் ஒரு கிளிக் கம்மியா இருக்குது. நாளைக்குப் போறதுக்கு முன்னாடி பாத்துக்குங்க."

"எது?"

"ஷாக்குதான். திங்கக்கெழமைலேர்ந்து இறுக்கி வெச்சிருக்கீங்கல்ல. மத்த மூணும் சரியா இருக்குது. அது ஒண்ணுதான் லெஃப்ட்ல திரும்பறப்ப லேசா உக்காருது."

கீழே போய் எண்ணினேன். ஒரு கிளிக் கம்மி. ஹம்ப்ஸும் பள்ளமுமாக நாள் தவறாமல் போய்வந்தே கண்டுபிடித்திருக்கிறாள். அந்த நிமிஷத்தில் முதலில் வந்தது வெட்கம் இல்லை. அப்போதும் பொறாமைதான் முதலில் வந்தது. எனக்கு எந்த ஜென்மத்திலும் அது தெரிந்திருக்காது. பின்னால்தான் வெட்கம்.

மேலே வந்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமல்:

"நான்தான் போட்டிக்கு வரலன்னு முன்னாடியே சொல்லிட்டேனே. அப்புறமும் எதுக்குங்க?"

இடுப்பு வலிக்குதா என்று கேட்டேன். "வலிச்சா என்ன" என்றாள். குழாயை மூடிவிட்டுப் படுக்கப் போனாள்.

வாரம் முழுக்கத் தெரிந்தே ஓட்டியிருக்கிறாள்.

ஜூன் 15, சனி

மாதேஷ் கராஜ். போட்டிக்கு முன் மறுபடி சமன் செய்ய அவனுடைய பெங்களூர் நண்பனிடமிருந்து தராசு வந்துவிட்டது. நாலு சக்கரமும் நாலு தராசில். மாதேஷ் கடையிலிருந்து அரிசி மூட்டைகளை எடுத்து வந்து சீட் பக்கம் அடுக்கிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டான்:

"மூணு மூட்டை, ஒரு பை. அதானுங்ணா?"

சு. வாசலில் நின்று யாருடனோ போன் பேசிக்கொண்டிருந்தாள். லேசாக இடுப்பைப் பிடித்தபடி.

"மூட்டை எதுக்கு, ஆளே நிக்குது" என்றேன்.

மாதேஷுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவன் பல்லைப் பார்க்க வேண்டுமே. எனக்காக ஒருநாளும் இப்படிச் சிரித்ததில்லை, படுபாவி.

அவள் வர மறுத்தாள். "வேண்டாங்க. அப்புறம் வீட்ல ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவீங்க."

"ரெண்டு மாசம் வெச்சுக்குவேன். ஏறு."

"நெஜமாவா?"

"இப்பவே வயிறு எரியுது. மனசு மாறறதுக்குள்ள ஏறிரு."

பார்த்தாள் ஒரு பார்வை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். உட்கார்ந்ததும் முதல் வேலையாக சீட்டை முன்னால் இழுத்தாள். என் இடத்துக்கு நான் அடையாளம் வைத்திருந்தேன், மஞ்சள் பெயின்ட் கோடு. அதைத் தாண்டி டக் டக்கென்று போனது சீட்.

தராசு எண்கள் நான்கும் மாறின. மாதேஷ் ஸ்பிரிங் வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி அவள் எடைக்குக் கொண்டுவந்தான். நான் டார்ச் பிடித்தேன். போட்டி நடத்துபவர்களுக்குப் போன் செய்து பேரை மாற்றியதும் நான்தான். இரண்டு தடவை "மனைவிங்களா?" என்று கேட்டார்கள்.

கோவைக்குப் போகும் வழிக்கு ஷாக் எல்லாத்தையும் மாதேஷைத் தளர்த்தச் சொன்னேன், அவள் இடுப்புக்காக. அங்கே போய் இறுக்கிக்கொள்ளலாம். மன்னிப்பு என்று தனியாகக் கேட்கவில்லை. திம்பத்தில் டீ குடிக்கும்போது கேட்கலாம் என்றிருந்தேன். அங்கே அவள், "அந்த ஒரு கிளிக், வேணும்னே கம்மி பண்ணீங்களா?" என்று கேட்டாள். "இல்ல. அது மட்டும் தப்பா எண்ணிட்டேன்" என்றேன். "மத்ததெல்லாம் வேணும்னே" என்றாள். "ஆமா" என்றேன். டீக்காசை அவளே கொடுத்தாள்.

ஜூன் 16, ஞாயிறு

கோவை. மழை வரும், போட்டி தள்ளிப்போகும் என்று ராத்திரி ஒரு நப்பாசை. வெயில் கொளுத்துகிறது.

அவளுக்கென்று சின்ன ஹெல்மெட் வாடகைக்கு. துப்பட்டா என் தோளில். பிளாஸ்க் (புதுசு), புளிச்சோறு டப்பா. ஷாக் நாலையும் நானே இறுக்கினேன், நானே இரண்டு முறை எண்ணினேன். வலது பின்பக்கம் மூன்று முறை.

இரண்டு விநாடி மெதுவாக வந்தாலும் பரவாயில்லை என்று ஒரு மனசு. வந்தால் நல்லது என்று இன்னொன்று. நன்றாக இறுக்கியாச்சு, வண்டி பேரில் பழி போட முடியாது.

அவள் பேர் கூப்பிடுகிறார்கள். குடை என்னிடம்தான் இருக்கிறது, போக வேண்டும்.