நடுவில் நிற்பவளுக்கு ஒரு கணக்கு

23 செப்டெம்பர் 2025, செவ்வாய்

இன்று மாலை முன்னறையில் இருந்தவர்கள்: இவர், இவருடைய தம்பி யுகேஷ், இவரோடு ஒன்றாய்ப் படித்த மர்சூக் நானா, அவருடைய மகள் கைரியா, எங்கள் மகள் சஞ்சீவனி, நான். ஆறு பேர். கும்பத்தில் இருக்கும் அம்மனையும் சேர்த்தால் ஏழு.

நவராத்திரிச் சுண்டலுக்கு வந்தவர்கள் சுண்டலை மறந்துவிட்டார்கள். பரிஸில் உதைபந்தாட்டத்துக்கான தங்கப் பந்து விருது கொடுத்து முடிந்த செய்தி காலையிலிருந்தே எல்லோருடைய போனிலும். உலகத்தில் இப்போது சிறந்த மத்தியகள வீரர் யார்? அதுதான் வழக்கு.

யுகேஷ் விட்டின்யா என்றான். சம்பியன்ஸ் லீக்கை வென்ற அணிக்கு நடு அவன்தான், வாக்கெடுப்பிலும் மூன்றாம் இடம், இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்றான். மர்சூக் நானா ரொட்ரிக்காக நின்றார். ரொட்ரி முழங்கால் நார் அறுந்து கிடந்த வருடம் மான்செஸ்டர் சிட்டி என்ன பாடு பட்டது, ஆளுடைய பெறுமதி ஆள் இல்லாதபோதுதான் தெரியும் என்றார். இவர் வழக்கம்போல மோட்ரிச். நாற்பது வயதிலும் ஓடுகிறாரே என்பதுதான் வாதம். இவருக்கு நாற்பத்தாறு. படி ஏறினால் மூச்சு வாங்கும்.

நான் தட்டை வைத்துவிட்டு, அயிட்டானா பொன்மாட்டி என்றேன்.

"அது யாரு அண்ணி, பிரேசில்காரனா?"

"காரன் இல்ல, காரி. ஸ்பெயின். நேத்து அதே மேடையில பொம்பளைங்க தங்கப் பந்தை வாங்கினவ. தொடர்ந்து மூணாவது வருஷம். அவ ஆடுறதும் நடுவுலதான்."

மூன்று ஆம்பிளைகளுக்கும் அந்தப் பெயர் தெரியாது. காலையிலிருந்து அந்தச் செய்தியைத்தான் விரலால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கைரியாவுக்கும் சஞ்சீவனிக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

பொம்பளைங்க ஆட்டம் வேறு கணக்கு என்றார் மர்சூக் நானா. கணக்கென்று வந்துவிட்டால் என்னிடம் எண்ணி எழுதிய கொப்பி இருக்கிறது என்றேன்.

"அந்தக் கொப்பியில கோல் இரிக்கா தங்கச்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். இவரும்.

24 செப்டெம்பர், புதன்

சிரிக்கட்டும். அது என்ன கொப்பி என்று ஒருவராவது கேட்டதுண்டா?

2022 உலகக் கிண்ணத்தின்போது இவர் பார்க்கிறாரே என்று நானும் உட்கார்ந்தேன். ஒன்றும் புரியவில்லை. புரியாததை எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். கலஹாவில் எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் சஞ்சீவனியின் புத்தகங்களிலும் சாமான் சுற்றி வந்த பேப்பரிலும்தான். வீட்டு வரவுசெலவுக்குக் கோடு போட்ட மாதிரியே சதுரக்கட்டக் கொப்பியில் கோடு போட்டேன். பந்து ஒருவரிடம் வந்தால் வரவு. தன் ஆளிடம் ஒழுங்காய்ப் போய்ச் சேர்ந்தால் நல்ல செலவு. எதிராளிக்குப் போனால் நட்டம். எதிராளியிடமிருந்து பறித்தால் அது தனி வரவு. இவ்வளவுதான். இரண்டு ஆட்டம் எண்ணியதும், கோல் போட்டவனை விட்டுவிட்டு நடுவில் நிற்பவனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். பந்து எங்கே இருக்கிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். இனி எங்கே போகவேண்டும் என்று பார்க்கிறவன் அவன்.

கொப்பியில் கோல் இல்லை. கோல் எப்படி வந்தது என்பது இருக்கிறது. இதை அந்த நேரத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். வாயில் வரவில்லை. அடுப்பைத் துடைக்கும்போதுதான் எனக்குப் பதில் எல்லாம் வரும்.

26 செப்டெம்பர், வெள்ளி

கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். நாளை சஞ்சீவனியும் கைரியாவும் ஆடும் கழகத்துப் பிள்ளைகளுக்குப் போகம்பரை மைதானத்தில் ஆட்டம். அதைப் பார்த்துத்தான் மாகாணப் போட்டிக்குப் போகும் பதினொரு பேரைத் தெரிவு செய்வதாகப் பயிற்சியாளர் ஹபீல் சேர் சொல்லியிருக்கிறார்.

இவர் சாப்பிடும்போது தலை நிமிராமல் சொன்னார், பதினொன்றில் பெயர் வராவிட்டால் சஞ்சீவனி பந்தை விட்டுவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கட்டும் என்று.  பிள்ளை சோற்றை மட்டும் பிசைந்துகொண்டிருந்தாள்.

மோட்ரிச்சை யாராவது பரீட்சைக்குப் படி என்று வீட்டில் உட்கார வைத்தார்களா? கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

27 செப்டெம்பர், சனி

வென்றோம், ஒன்றுக்குப் பூச்சியம்.

மழை. கெலிஓயாவில் பஸ் ஏறும்போதே பிடித்தது. கொப்பியை விரித்தால் தாள் கரைகிறது, பேனை எழுதவில்லை. வரும் வழியில் நாளைய சுண்டலுக்கென்று வாங்கிய கடலை பையில் இருந்தது. சாப்பாட்டுக் கரியர் இரண்டு தட்டு. கடவுளே வழி காட்டினார். சஞ்சீவனி பந்தை ஒழுங்காய்க் கொடுத்தால் மேல்தட்டில் ஒரு கடலை, தொலைத்தால் கீழ்த்தட்டில் ஒரு கடலை. பக்கத்தில் இருந்த அம்மா பிள்ளைக்கு நேர்த்திக்கடனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய் இல்லையே.

கோல் போட்டவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தப் பந்து மூன்று கால் மாறுவதற்கு முன்னால் யாரிடமிருந்து புறப்பட்டது? எங்கள் பிள்ளையிடமிருந்து. நான் பார்த்தேன். வேறு யார் பார்த்தார்கள்?

முடிந்ததும் ஹபீல் சேர் குடைக்குள் வந்து மரியாதையாகத்தான் சொன்னார். "நல்ல புள்ள, நல்லா ஓடுறா. ஆனா நடுவுல நிண்டு என்ன செய்றாண்டு எனக்கு வெளங்கல்ல. ரிசேர்வ்ல வெச்சிக்கொள்ளுவோம்."

என்ன செய்தாள் என்பது கரியரில் இருக்கிறது, திங்கட்கிழமை எழுதிக்கொண்டு வந்து காட்டுகிறேன் என்றேன். அவர் கரியரைப் பார்த்தார். பாவம், சாப்பாடு தரப்போகிறேன் என்று நினைத்திருப்பார். வெள்ளிக்கிழமைதான் பெயர் போடுவதாகச் சொன்னார்.

நனைந்து வந்ததில் உடம்பு நடுங்குகிறது. எண்ணுவது நாளைக்கு.

28 செப்டெம்பர், ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

காலையில் எழும்பி வந்தால் கரியர் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. கடலை சட்டியில் ஊறிக்கிடக்கிறது. ஒரே சட்டியில். மேல்தட்டும் கீழ்த்தட்டும் பையில் மிஞ்சியதும் எல்லாம் ஒன்றாய்.

இவர்தான். எனக்குக் காய்ச்சல் என்று, கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகத் தானே கடலையை ஊறப்போட்டிருக்கிறார். கோபப்படவும் முடியவில்லை. ஏங்க, இத்தனை வருஷமா இல்லாம நேத்துத்தானா உங்களுக்கு அடுப்படி தெரிஞ்சிச்சு என்று மட்டும் கேட்டேன். எதற்கென்று புரியாமல் நின்றார்.

ஊறிய கடலையை என்ன செய்வது? அம்மனுக்குப் படைத்தாயிற்று. மாலையில் எல்லோரும் வந்து சாப்பிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் யுகேஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அண்ணி, உங்க சாட்சியை உப்புப் போட்டுத் தின்னுட்டோம்."

கைரியாவும் சாப்பிட்டாள். "நல்ல செலவா, நட்டமா, எது ருசி கூட மாமி?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளை கேட்டால் மட்டும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

29 செப்டெம்பர், திங்கள்

மாநகர சபை வேலைக்குப் போகும்போது இவர் சமாதானம் பேசினார். "ஒரு நாப்பதுன்னு போடு கலா. ஆறு ஏழு தொலைச்சான்னு போடு. சேர் என்ன கடலையை எண்ணவா போறாரு?"

போடமாட்டேன். நவராத்திரி விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து பொய்க் கணக்கு எழுதுவதா? பொய் எழுதினால் பிறகு நான் எண்ணியது எல்லாமே பொய்தான். நாளைக்கு மர்சூக் நானா கேட்டால் எந்த முகத்தோடு கொப்பியை விரிப்பேன்? என் பிள்ளைக்குப் பொய் தேவையில்லை. அவள் ஆடியதே போதும்.

அதை இவரிடம் சொன்னேன். குரல் கொஞ்சம் கூடிப்போயிற்று. பஸ்சுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்.

பின்னேரம் கைரியா வந்தாள். அவள் ரிசேர்வ் கோல்காப்பாளர். மாற்றுப் பிள்ளைகள் உட்காரும் வாங்கில் இருந்தபடி போனில் ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து வீடியோ பிடித்திருக்கிறாள். பற்றரி முடியும்வரை முப்பத்தொரு நிமிடம். கோல் அதற்குள் வருகிறது. இதை ஏன் நேற்றே சொல்லவில்லை என்றால், சுண்டல் நன்றாக இருந்ததாம், மறந்துவிட்டதாம்.

எங்கள் எல்லோருடைய போனுக்கும் அனுப்பச் சொன்னேன்.

30 செப்டெம்பர், செவ்வாய்

நாலு தரம் பார்த்தேன். மழையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே சேற்று நிறம்.

முப்பத்தொரு நிமிடத்தில் பந்து வந்தது 38 தடவை. தன் ஆளிடம் சேர்ந்தது 31. தொலைத்தது 7. எதிராளியிடமிருந்து பறித்தது 9. கோலுக்கு மூன்று கால் முன்னால் பந்து அவளுடையது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவளேதான்.

சஞ்சீவனி தோளில் சாய்ந்து, தொலைச்சதை மட்டும் விட்டுடுங்கம்மா என்றாள். தொலைத்ததை மறைத்தால் கொடுத்ததையும் நம்பமாட்டார்கள் என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, அந்த ஏழு தடவையும் எங்கே பிழைத்தாள் என்று காட்டச் சொன்னாள். நாலு தடவை இடது காலால். அதை அவளே கண்டுபிடித்தாள்.

நாளை சரஸ்வதி பூசை. கொப்பி, புத்தகம் எல்லாம் அம்மன் முன்னால் போய்விடும். கடிதத்தை இன்றே எழுதியிருக்கவேண்டும். தலை இடிக்கிறது.

2 ஒக்டோபர், வியாழன். விசயதசமி

நேற்று எழுதவில்லை. பூசையில் வைத்ததைத் தொடக்கூடாது. சஞ்சீவனியின் கணிதப் புத்தகத்துக்கு மேல் என் சதுரக்கட்டக் கொப்பியை வைத்தேன். யுகேஷ் பார்த்தான், வாயைத் திறக்கப் போனான். இவர் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். ஏன் அப்படிப் பார்த்தார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இன்று காலை தீபம் காட்டிக் கொப்பியை எடுத்து விரித்தேன். இவர் தேத்தண்ணீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மாநகர சபைக்குப் போகும் அவசரத்தைக் காட்டவில்லை.

"ஏழு இல்ல கலா. எட்டு."

என்ன எட்டு என்றேன்.

"தொலைச்சது. பத்தொன்பதாவது நிமிசத்துல ஒண்ணு நம்ம டீம் புள்ளைக்குப் போன மாதிரிதான் தெரியும். அது நம்ம டீம் இல்ல. காலுறையைப் பாரு."

போனை நீட்டினார். பார்த்தேன். இவர் சொன்னதுதான் சரி. அதுவும் இடது காலால்.

செவ்வாயும் புதனும் சபையில் பகல் சாப்பாட்டு நேரத்தில் இதைத்தான் பார்த்திருக்கிறார். எத்தனை தரம் என்று சொல்லவில்லை. போனை மறுபடி ஓடவிட்டு, "இவ பந்து வர்றதுக்கு முன்னாடியே திரும்பிப் பாத்துக்கிறா, கவனிச்சியா?" என்றார். மூன்று வருடமாக நான் கொப்பியில் எழுதுவது அதைத்தான் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. 31ஐ வெட்டி 30, 7ஐ வெட்டி 8 என்று போட்டேன். தேத்தண்ணீரில் சீனி கூட. குடித்தேன்.

மர்சூக் நானாவுக்கும் வீடியோவைக் காட்டினாராம். அவர் இன்னும் ரொட்ரிதான். ஆனால் இரண்டாம் இடம் காலியாக இருக்கிறது என்று சொல்லியனுப்பினாராம்.

கடிதம் எழுதிவிட்டேன். இவர்தான் கொண்டுபோய்க் கையில் கொடுப்பார். பிரதி இங்கே:

மதிப்புக்குரிய ஹபீல் சேர் அவர்களுக்கு,

சஞ்சீவனி நடுவில் நின்று என்ன செய்கிறாள் என்று விளங்கவில்லை என்றீர்கள். கேட்டது நியாயம். பதில் எழுதுகிறேன். சனிக்கிழமை முதல் முப்பத்தொரு நிமிடத்தில் பந்து வந்தது 38, தன் ஆளிடம் சேர்த்தது 30, தொலைத்தது 8, எதிராளியிடம் பறித்தது 9. கோலுக்கு மூன்று கால் முன்னால் பந்தைக் கொடுத்தவள் அவள். தொலைத்த எட்டில் ஐந்து இடது காலால். அதைத் திருத்த வேண்டும், அவளுக்கும் தெரியும். மிச்ச நேரத்துக்கு வீடியோ இல்லை, அதனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். என் கணக்கில் பிழை இருந்தால் காட்டுங்கள், திருத்துகிறேன். மற்றப் பிள்ளைகளையும் இப்படியே எண்ணிப் பாருங்கள். அதன் பிறகும் ரிசேர்வ்தான் என்றால் ரிசேர்வ்தான். ஆனால் எண்ணிவிட்டுச் சொல்லுங்கள். எப்படியானாலும் அடுத்த சனியும் பயிற்சிக்கு வருவாள் என்று அவளுடைய அப்பா சொல்லச் சொன்னார்.

நாளை பெயர் போடுவதற்கு முன், ஆம் என்றாலும் இல்லை என்றாலும், தயவுசெய்து பதில் தாருங்கள்.

ச. கலாராணி