மீகடத்தி என்று சொல்லக் கூடாத வீடு

ஜூலை 8, செவ்வாய். கற்பிட்டி.

கச்சான் காற்று. ஜன்னலைத் திறந்தால் மேசையெல்லாம் மணல். லீவு என்று பேர். என் ஆய்வுக் கணக்கு கம்பஸ் கணினியில் ஓடுகிறது, முடிவு ஃபோனுக்கு வரும்.

உம்மாவின் கட்டளை: வருகிறவர்களிடம் மீகடத்தி என்று வாய் திறக்காதே. மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்தும் பொருள் அது, என் ஆய்வு அதில்தான். சாச்சா பீடி இலை கடத்திப் பிடிபட்டு மறியலில் இருக்கிறார். கடத்தல் என்று காதில் விழுந்தாலே உம்மாவுக்கு முகம் கறுத்துவிடுகிறது. பக்கத்து வீட்டில், மகள் கரண்ட் படிக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறார். சரி, அதுவும் பொய்யில்லை.

ஜூலை 9, புதன்.

வாங்க வேண்டியவை: பாண், பெனடோல், டேட்டா.

என்னதான் படிக்கிறாய் என்று வாப்பா கேட்டார். சொல்லிப் பார்த்தேன். சில பொருளில் இலத்திரன்கள் அசையவே மாட்டா. பழைய சூத்திரப்படி ஓட்டம் பூச்சியம். ஆனால் இலத்திரன் புள்ளி இல்லை, அலை. பக்கத்து அலையோடு கொஞ்சம் ஒட்டிக் கிடக்கும். அந்த ஒட்டின் வடிவம்தான் குவாண்டம் கேத்திரகணிதம். அதைப் பிடித்துக்கொண்டு சோடி சோடியாக, தடையே இல்லாமல் நகரலாம். என் ஆய்வு முழுவதும் இதுதான். ஆய்விதழுக்குக் கட்டுரையும் போய்விட்டது.

ஆனால் அது சராசரிக் கணக்கு. ஒவ்வோர் இலத்திரனும் மற்றவற்றின் சராசரியைத்தான் பார்க்கும். இப்போது கம்பஸில் ஓடும் கணக்கில் ஒவ்வொன்றும் ஒவ்வொன்றையும் பார்க்கும்.

"பார்த்தா என்ன செய்யும்?" என்றார் வாப்பா.

தெரியாது என்றேன். பயமாக இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி.

வாப்பா ஜும்ஆவுக்குப் போன பிறகு முடிவு வந்தது. பூச்சியம்.

இலத்திரன்கள் சோடி சேருகின்றன. சேர்ந்து, ஒன்றையொன்று தள்ளி, வரிசையாக நின்று உறைந்துவிட்டன. கேத்திரகணிதம் வழி விட்டது, போக ஆளில்லை.

என் ஆய்வை மேற்பார்க்கும் சேருக்கு ஃபோன் எடுத்து, எங்கே பிழை என்று கேட்டேன். பிழை இல்லையாம். அவரும் அதே கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். போன வாரமே அவருக்குத் தெரியும்.

"லீவில நிம்மதியா இருக்கட்டும் எண்டுதான் சொல்லேல்ல."

பின்னேரம் முழுக்கப் படுக்கை. இத்தனை வருஷமும் வீண். வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

ஜூலை 12, சனி.

கரண்ட் இல்லை. புழுக்கம்.

பகல் சோற்றில் கை வைக்க முடியவில்லை. உம்மா விடாமல் கேட்டார். எப்படி விளக்குவது?

"நான் செஞ்ச சாமான் கடத்தாதாம் உம்மா."

உம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அல்ஹம்துலில்லாஹ். இனி ஆரு கேட்டாலும் தைரியமாச் சொல்லலாம் மகள்."

மீன் ஆணத்தை இன்னும் ஊற்றினார். சாப்பிட்டேன்.

பிறகு சேருக்கு ஒரு வரி: கட்டுரையைத் திரும்ப எடுத்துவிடுங்கள்.